பீரில் வேகும் மாட்டுக்கறி: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?

ஐரோப்பாவில் குளிர் தொடங்கியதும் பெல்ஜியத்து மாட்டுக்கறிக் குழம்பைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இதை ஸ்டோஃப்லேஸ் என்பார்கள். பிரெஞ்சு பேசும் பக்கத்திலும், எல்லை தாண்டி லில் நகரிலும் கார்போனாட். மாட்டிறைச்சி, ஏராளமான வெங்காயம், பழுப்பு பீர், கடுகு விழுது தடவிய ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், தைம் இலை, இவ்வளவுதான் சரக்கு. மிளகாயோ மசாலாவோ கிடையாது. அதனால் வாங்குகிற பொருள் சொதப்பினால் மறைக்க வழியில்லை.

கேள்வி: இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'ஸ்டோஃப்லேஸ்' என்றே எழுதி, துண்டு போட்ட கறியை விற்கிறார்கள். வாங்கி மூன்று மணி நேரம் வேகவைத்தேன். குழம்பு அருமை, கறி மட்டும் வெறும் சக்கை. இன்னும் விலை கூடிய கறியாக வாங்கியிருக்க வேண்டுமா? (வாசகர், கென்ட்)

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தக் குழம்புக்கு விலை கூடிய கறி போட்டால் இன்னும் மோசமாகும். மாடு அதிகம் வேலை வாங்கிய தசைகளில், அதாவது கால், தோள், கன்னம் இவற்றில், சவ்வு நிறைய இருக்கும். அந்தச் சவ்வு மெல்லிய கொதியில் மணிக்கணக்காகக் கிடந்தால் இளகி ஜெலட்டினாகிவிடும். கறி வாயில் கரைவதும், குழம்பு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். விலை கூடிய மென்மையான கறியில் சவ்வே இல்லாததால், மூன்று மணி நேரத்தில் நீரெல்லாம் வெளியேறி நார்தான் மிஞ்சும்.

பெல்ஜியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கடைக்கு வரும் மாட்டிறைச்சியில் பெரும்பங்கு 'பெல்ஜியன் புளூ' இனத்து மாடு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், மல்யுத்தக்காரர் மாதிரி புடைத்த தசைகளோடு நிற்கும். கொழுப்பு மிகக் குறைவு, சவ்வும் குறைவு. வாட்டிச் சாப்பிட நல்லது, நீண்ட நேரம் வேகவைக்க அவ்வளவு பொருத்தமில்லை. உங்கள் பாக்கெட்டில் இருந்தது பெரும்பாலும் அதன் தொடைக்கறியாக இருக்கும். அதோடு, பாக்கெட்டில் பல இடத்துத் துண்டுகளைக் கலந்து போடுவார்கள். ஒன்று இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும், இன்னொன்றுக்கு மூன்றரை ஆகும்.

எனவே கறிக்கடைக்குப் போய் ஒரே துண்டாக வாங்குங்கள். 'ருண்டர்வாங்' என்று கேட்டால் மாட்டின் கன்னக்கறி கிடைக்கும், 'ஸ்கெங்கல்' என்றால் கால்கறி. பிரெஞ்சு பேசும் கடையில் 'ஜூ த பஃப்', அல்லது தோள்பட்டையிலிருந்து வரும் 'பலரோன்'. வீட்டில் நாலைந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நீங்களே வெட்டிக்கொள்ளலாம். சின்னதாக வெட்டினால் உதிர்ந்துவிடும். வேகும்போது எடையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும் என்பதால் ஆறு பேருக்கு எலும்பில்லாமல் ஒன்றரைக் கிலோ கணக்கு. கால்கறியை எலும்போடு எடுத்தால் கிலோ விலை மலிவாகத் தெரியும், எலும்பின் எடையைக் கழித்துப் பாருங்கள்.

மாட்டிறைச்சி லேபிளில் மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்ற மூன்றும் இருக்க வேண்டும். பைத்தியமாட்டு நோய்க் கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி அது. அயர்லாந்து என்றோ பிரான்ஸ் என்றோ போட்டிருந்தால், வேறு இனத்து மாடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எந்த பீர்? கடையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். 'டிராப்பிஸ்ட்' முத்திரை பார்த்து ஒன்று வாங்கினேன், குழம்பு கசந்துவிட்டது. முத்திரையே ஏமாற்றா? (வாசகி, லூவன்)

பதில்: முத்திரை உண்மைதான். ஆனால் அது ருசியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அறுகோண வடிவ டிராப்பிஸ்ட் முத்திரைக்கு அர்த்தம்: மடத்து வளாகத்துக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சியது, வருமானம் மடத்துக்கும் தருமத்துக்கும் போகிறது. அவ்வளவுதான். கறுப்பா வெளுப்பா, கசப்பா இனிப்பா என்பதெல்லாம் அதில் இல்லை. நீங்கள் வாங்கியது ஆர்வாலாகவோ வெஸ்ட்மாலே டிரிப்பலாகவோ இருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டுமே அருமையான பீர்கள், இரண்டுமே இந்தப் பானைக்கு ஆகாதவை.

காரணம் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பைத் தருவது அந்தப் பூ. மதுவும் நீரும் ஆவியாகிப் போகும், கசப்பு போகாது. முக்கால் லிட்டர் பீர் பாதியாகச் சுண்டினால் கசப்பு இரண்டு மடங்காகத் தெரியும். பாட்டிலிலிருந்து குடிக்கும்போது இதமாக இருந்த கசப்பு, குழம்பில் பாகற்காய் ஆவது இப்படித்தான். ஐபிஏ என்று எழுதிய எதையும் இந்தச் சமையலுக்குத் தொடாதீர்கள், ஹாப்ஸ் தாராளமாகப் போட்ட வகை அது. சாதாரண வெளிர் லாகரும் வேண்டாம், அதில் கசப்பு இருக்கும், சுவையில் அடர்த்தி இருக்காது.

தேட வேண்டியது மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) இனிப்பு, கசப்புக் குறைவு, முடிந்தால் லேசான புளிப்பு. மூன்றும் சேர்ந்தது ஃபிளாண்டர்ஸின் 'அவுட் ப்ரௌன்' வகை. அவுடனார்டே ஊரில் காய்ச்சும் லீஃப்மன்ஸ் கௌடன்பாண்ட் அதற்கு நல்ல உதாரணம், 8 சதவீத மது. ரூஸலாரே ஊரின் ரோடன்பாக் இன்னும் புளிப்பானது. பெரிய ஓக் பீப்பாய்களில் இரண்டு வருடம் கிடந்த பழைய பீரோடு புது பீரைக் கலந்து விற்கிறார்கள். அதை ஊற்றினால் வினிகரை விட்டுவிடுங்கள், சர்க்கரையை ஒரு கரண்டி கூட்டுங்கள்.

புளிப்பு வேண்டாம் என்றால் 'டுபெல்' என்று போட்டிருப்பதை எடுங்கள். வெஸ்ட்மாலே டுபெலும் சிவப்பு மூடி ஷிமேயும் 7 சதவீதம். லெஃப் ப்ரூன் 6.5 சதவீதம், எந்தக் கடையிலும் கிடைக்கும். லெஃப் என்பது மடத்தின் பெயர்தானே தவிர, காய்ச்சுவது உங்கள் லூவனிலேயே இருக்கும் ஆலையில். அதில் ஒரு குறையும் இல்லை. என் கணக்கில், குழம்புக்கு லெஃப் ப்ரூன், சாப்பிடும்போது குடிக்க வெஸ்ட்மாலே என்று பிரித்தால் பணம் சரியான இடத்துக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. லீஃப்மன்ஸ் பெயரிலேயே 'ஃப்ருட்டெஸ்' என்று ஒன்று இருக்கிறது, பழச்சாறு சேர்த்த தித்திப்பு பீர். அவசரத்தில் எடுத்துவிட்டால் குழம்பு ஜாம் ஆகும். இன்னொன்று, பெல்ஜியத்தில் பல பாட்டில்களுக்கு வைப்புத்தொகை உண்டு. ரசீதில் தனி வரியாக இருக்கும். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ரூக் நகரத்து நினைவுப்பொருள் கடை ஒன்றில் வெஸ்ட்ஃப்லேட்டரன் 12 பார்த்தேன். உலகின் சிறந்த பீர் என்கிறார்கள், விலையோ பயங்கரம். விசேஷத்துக்குச் செய்யும் குழம்பு என்பதால் வாங்கலாமா?

பதில்: கூடாது. புனித சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் அந்த பீரை, மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு, பெரும்பாலும் முன்பதிவு செய்தவர்களுக்கே விற்கிறார்கள். நீங்கள் பார்த்த விலையில் பெரும்பகுதி இடைத்தரகருக்குப் போகிறது. அத்தோடு 10.2 சதவீத மது உள்ள பீரைக் கொதிக்கவிட்டால், நீங்கள் காசு கொடுத்த நறுமணம் முதல் அரைமணி நேரத்திலேயே சமையலறைப் புகைபோக்கி வழியாகப் போய்விடும்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள். மூன்று மணி நேரம் கொதித்தால் மது முழுக்கப் போய்விடும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, லில்)

பதில்: முழுக்கப் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி ஒன்றரை மணி நேரம் கொதித்தால் சுமார் 20 சதவீதம் மிஞ்சும், இரண்டரை மணி நேரத்தில் சுமார் 5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 சதவீத பீர் முக்கால் லிட்டரில் 60 மில்லி மது. அதில் 5 சதவீதம் 3 மில்லி. ஆறு தட்டுக்குப் பிரித்தால் தலைக்கு அரை மில்லி. மூடியை இறுக்கிவிட்டால் இன்னும் கொஞ்சம் தங்கும். உங்கள் குழந்தைக்கு அது சரியா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

மதக் காரணத்தால் துளியும் கூடாது என்றால் பீரே வேண்டாம். உப்புக் குறைந்த மாட்டெலும்புச் சாறு, இரண்டு கரண்டி லியேஜ் சிரப், ஒரு கரண்டி வினிகர் போட்டுச் செய்யுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் மணிக்கணக்கில் காய்ச்சிச் சுண்டவைத்த கறுப்புப் பாகு அது. கார்போனாட் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல குழம்பு. இடைவழி வேண்டுபவர்களுக்கு, பெல்ஜியத்தில் 'டேபிள் பீர்' என்று மிகக் குறைந்த மதுவோடு இனிப்பான பழுப்பு பீர் உண்டு. பீட்பஃப் என்ற பெயரில் பெரிய பாட்டிலில் வரும். விலை மலிவு, கசப்பே கிடையாது. பல வீடுகளில் இந்தக் குழம்புக்கென்றே வாங்குகிறார்கள்.

கேள்வி: வார்ப்பிரும்புப் பானை கட்டாயமா? இணையத்தில் தள்ளுபடி பார்த்து எனாமல் பூசியது ஒன்று வாங்கினேன். வந்தபோதே விளிம்பில் எனாமல் பெயர்ந்திருந்தது. 'சமையலுக்குப் பாதிப்பில்லை' என்று கடை பதில் அனுப்பியிருக்கிறது. (வாசகர், ஆன்ட்வெர்ப்)

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அதைத் தாண்டிவிட்டாலும், குறையோடு வந்த பொருளுக்கு 2 வருட சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. அதற்குப் பொறுப்பு விற்ற கடை, தயாரித்த கம்பெனி அல்ல. தள்ளுபடியில் வாங்கினாலும் இது மாறாது. படம் எடுத்து, 'மாற்றித் தாருங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அதுவரை பானையில் சமைக்கவும் வேண்டாம், பெயர்ந்த இடத்திலிருந்து சில்லு உதிர்ந்து குழம்பில் விழலாம்.

கட்டாயமா என்றால், இல்லை. அடிகனமான எவர்சில்வர் பாத்திரமும் போதும். எனாமல் பூசாத வெறும் வார்ப்பிரும்பு மட்டும் கூடாது. பீரும் வினிகரும் புளிப்பு, மூன்று மணி நேரத்தில் இரும்பு வாடை ஏறும், பழக்கி வைத்த எண்ணெய்ப் பூச்சும் போய்விடும். எனாமல் பானையின் லாபம், கறியை நன்றாகச் சிவக்க வறுத்த அதே பாத்திரத்தை மூடி 150 டிகிரி ஓவன் அடுப்புக்குள் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பதுதான். ஒன்றரைக் கிலோ கறிக்கு 5 லிட்டர் பானை தாராளம். பிரெஞ்சுப் பானை என்று எல்லோரும் கொண்டாடும் லெ க்ரூஸேவை 1925-இல் தொடங்கிய இருவரும் பெல்ஜியர்கள். ஆனால் அதே தடிமனில் பாதி விலைக்குக் கிடைப்பவற்றிலும் கறி அதே மாதிரிதான் வேகும். மூடி கனமாக, ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குக்கரில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கறி வேகும், குழம்பு சுண்டாது. பீரை முன்கூட்டியே தனியாகப் பாதியாக்கி ஊற்றினால் ஓரளவு ஒப்பேற்றலாம்.

கேள்வி: ரொட்டியா, 'பெப்பர்கூக்' என்ற கேக்கா? கடுகு விழுது எந்த மாதிரி? நம் பிரிஞ்சி இலை போதுமா?

பதில்: ஃபிளாண்டர்ஸ் வீடுகளில் ரொட்டி, பிரான்ஸ் பக்கத்தில் மசாலா கேக் என்று பொதுவாகச் சொல்லலாம், இரண்டும் கலந்தும் செய்கிறார்கள். இரண்டின் வேலையும் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குவது. கேக் போட்டால் சர்க்கரையைக் குறையுங்கள். பொருட்பட்டியலில் ரை மாவு (கோதுமைக்கு உறவான தானியம்) முதலில் இருப்பதாகப் பாருங்கள். தினாந் ஊரின் 'கூக்' என்று கல்மாதிரி ஒரு தேன் பிஸ்கட் விற்கும், அதை இதற்கு வாங்காதீர்கள். சுத்தியல் இல்லாமல் உடையாது.

கடுகில் காரமும் புளிப்பும் வேண்டும், தேன் கலந்தது வேண்டாம். கென்ட் நகரத்துக் காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் டீரென்டைன் கடையின் கடுகு விழுது மூக்கில் ஏறும், வாங்கினால் குளிர்பெட்டியில் வையுங்கள். பிரிஞ்சி இலை லவங்கப்பட்டைக் குடும்பம், ஐரோப்பிய பே இலை வேறு மரம். பட்டை வாசனை வரும் என்பதால் இங்கே வேண்டாம். கைப்பிடி பே இலைக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

கேள்வி: நேரமில்லாதவர்கள் டப்பாவில் வருவதை வாங்கலாமா? கூடவே பிரெஞ்ச் ஃப்ரைஸ் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: வாங்கலாம், பின்பக்கத்தைப் படித்துவிட்டு. கறி எத்தனை சதவீதம், பீர் எத்தனை சதவீதம் என்று பொருட்பட்டியலில் போட்டிருப்பார்கள். கறி 40-க்குக் கீழே இருந்தால் நீங்கள் வாங்குவது ஸ்டார்ச் குழம்பு. கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தடித்த எழுத்தைப் பாருங்கள், ஐரோப்பிய விதிப்படி கடுகும் குளூட்டனும் தனித்துத் தெரியும்படி அச்சிட்டிருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு செய்து பாதியை உறையவைப்பது. இந்தக் குழம்பு மறுநாள்தான் ருசி கூடும்.

ஃப்ரைஸுக்கு பின்ட்யே உருளைக்கிழங்கு கேளுங்கள். இல்லையென்றால் மாவாக வேகும் வகை எதுவானாலும் சரி. முதலில் 150 டிகிரியில் நிறம் மாறாமல் வேகவைத்து ஆறவிட்டு, பரிமாறும் நேரத்தில் 180-இல் இரண்டாம் முறை. பெல்ஜியக் கடைகளில் மாட்டுக்கொழுப்புக் கட்டியாகவே விற்கும், அதில் பொரித்தால்தான் அந்த வாசனை. உறைந்த ஃப்ரைஸ் பாக்கெட் ஏற்கெனவே ஒருமுறை பொரித்தது, அதை நேராக இரண்டாம் சூட்டில் போடலாம்.