ஒளிகசியும் தாளுக்கு எந்தப் பசை? சில கேள்விகளும் என் பதில்களும்

பதினெட்டு வருஷமாக, போட்டோக்களையும் அலங்காரத் தாள்களையும் ஒட்டி ஸ்கிராப்புக் ஆல்பம் செய்கிறேன். வெல்லம் ஷீட் (vellum, தின்னும் வெல்லமில்லை), ட்ரேசிங் பேப்பர் மாதிரி பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும் தாள்களை ஒட்டுவது பற்றித்தான் எனக்கு அதிகம் கேள்வி வருகிறது. இந்த முறை வந்தவற்றுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, தலைப்பை வெல்லம் ஷீட்டில் எழுதி க்ளூ ஸ்டிக் தடவி ஒட்டினேன். காய்ந்த பிறகும் கோடு கோடாகத் தெரிகிறது. பசை மட்டமா?

பசைமேல் தப்பில்லைம்மா. சாதாரணத் தாளில் நார்களுக்கு நடுவே காற்று நிறைய இருக்கும். நாரும் காற்றும் மாறிமாறி வருவதால் வெளிச்சம் சிதறி, தாள் வெள்ளையாகத் தெரிகிறது, பின்னால் இருப்பதையும் மறைக்கிறது. ஒளிகசியும் தாளுக்குக் கூழை ரொம்ப நேரம் அரைத்து, நார்களை இறுக்கி, அந்தக் காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறார்கள். அதனால்தான் வெளிச்சம் உள்ளே புகுந்து வருகிறது.

அதை ஆல்பப் பக்கத்தின்மேல் வைத்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி ஒன்று இருக்கும். பசை பட்ட இடத்தில் அது போய்விடும். அடித்தாள் அங்கே பளிச்சென்று தெரியும். பசை படாத இடத்தில் மங்கலாகவே இருக்கும். நீங்கள் பார்க்கும் கோடு அந்த வித்தியாசம்தான். எவ்வளவு தெளிவான பசை வாங்கினாலும் இது மாறாது.

ஆகவே வழி இரண்டுதான். தாளின் பின்பக்கம் முழுவதும் ஓர் இடம் விடாமல் ஒரே சீராகப் பசை இருக்கவேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் இருக்கவேண்டும். தலைப்புக்கு நான் இரண்டாவதைத்தான் செய்வேன்: மேலே ஒரு போட்டோவோ ரிப்பனோ காகிதப் பூவோ உட்காரப்போகிற இடமாகப் பார்த்து, அதன் அடியில் மட்டும் சின்னத் துண்டு டேப். மற்ற இடமெல்லாம் சும்மா படிந்திருக்கட்டும்.

வெள்ளைப் பசை போட்டேன், தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நேராக்க முடியுமா?

ஓரளவுதான் முடியும். அந்தப் பசையில் தண்ணீர் அதிகம். ஈரம் பட்டால் நார் பருக்கும், நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. நார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கில் கிடப்பதால் தாள் ஒரு திசையில் அதிகமாக விரிந்து சுருள்கிறது. சாதாரணத் தாள் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிப் பரப்பிவிடும். இந்த வழுவழுத் தாளில் ஈரம் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

இன்னும் ஈரமாக இருந்தால் மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். காய்ந்துவிட்டதென்றால் புதிதாக ஒன்று வெட்டுவதே நிம்மதி. நீராவி இஸ்திரி மட்டும் வேண்டாம். நெளிவு கூடத்தான் செய்யும்.

வெல்லம் டேப் என்று தனியாக விற்கிறார்களே, சாதாரண டபுள் சைடு டேப்பிலிருந்து அது வேறா?

அடிப்படையில் அதுவும் டபுள் சைடு டேப்தான். இன்னும் மெல்லியது, நிறமில்லாதது. வெள்ளை ஷீட்டை வெள்ளைத் தாளில் ஒட்டினால் ஏறக்குறையத் தெரியாது. கறுப்பிலோ பூப்போட்ட தாளிலோ ஒட்டினால் இந்த டேப்பும் தெரியும், மேலே சொன்ன அதே காரணம்தான். அடித்தாள் வெளிர் நிறமாக இருக்கட்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முழுப் பக்கத்துக்கும் ஒட்டவேண்டும். ஸ்ப்ரே நல்லதா?

நல்லது, பொறுமை இருந்தால். அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து அதற்குள் தாளைத் தலைகீழாக வையுங்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே பனி மாதிரி லேசாக அடியுங்கள். ஓரிடத்தில் நின்றால் சொட்டு விழும். விழுந்த சொட்டு கடைசிவரை தெரியும். விரலில் ஈரம் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரியும் பதம் வந்ததும், ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவிட்டு, மென்துணியால் தள்ளிக்கொண்டே போங்கள். ஜன்னல் திறந்திருக்கவேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, இந்த ஸ்ப்ரேக்கள் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியவை.

ஸ்ப்ரே பிடிக்காதவர்களுக்கு, பின்பக்கம் முழுவதும் காய்ந்த பசைப் படலத்தை ஏற்றித்தரும் கையால் சுற்றும் ஸ்டிக்கர் மெஷின் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். தண்ணீரும் இல்லை, வாடையும் இல்லை. நடுவே தூசி மட்டும் சிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

க்ளூ கன்?

வேண்டவே வேண்டாம். சூடு தாளை நெளிக்கும், கட்டியும் புடைத்துத் தெரியும்.

பசையே இல்லாமல் பொருத்த வழி உண்டா, மேடம்?

உண்டு, பல சமயம் அதுவே அழகு. பிராட் (பின்னால் கால் விரியும் சின்ன ஆணி), ஐலெட் (ஓட்டையில் பொருத்தும் உலோக வளையம்), போட்டோ கார்னர் (மூலையைச் செருகும் சின்ன உறை), ஸ்டேப்ளர் எல்லாமே சரி. பசை முன்னால் தெரியாமல் இருந்தால் போதுமென்றால், தாளைப் பக்கத்தின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஓரங்களைப் பின்னால் மடித்து அங்கே ஒட்டிவிட்டால் முன்னால் ஒன்றுமே தெரியாது. தையல் போடுகிறவர்கள் துளைகளை நெருக்கமாகப் போடாதீர்கள். வரிசையான ஓட்டைகளில் இந்தத் தாள் சுலபமாகக் கிழியும். 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தையல் போதும்.

பழைய குடும்பப் போட்டோக்களுக்குமேல் போடப்போகிறேன். 'ஆசிட் ஃப்ரீ' என்று இருந்தால் போதுமா?

இந்தக் கேள்வி கேட்டதற்கு நன்றி. போதாது. அமிலம் இல்லாத பசையிலும் போட்டோவைக் கெடுக்கும் வேறு பொருள் இருக்கலாம். போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18916 என்ற தரத்தில் ஒரு பரிசோதனை இருக்கிறது. சுருக்கமாகப் 'பிஏடி' (PAT, Photographic Activity Test) என்பார்கள். அதில் தேறியது என்று உறையில் போட்டிருந்தால் வாங்குங்கள். ரப்பர் சிமெண்ட் என்கிற ரப்பர் பசையைத் தொடவே வேண்டாம். சாதாரண செலோடேப்பும் கூடாது.

என் தங்கை மகளுக்கு நான் செய்த முதல் ஆல்பத்தில் ட்ரேசிங் பேப்பரைச் செலோடேப்பால்தான் ஒட்டினேன். சில வருஷத்தில் டேப் மஞ்சளாகி, பசை ஓரமாகக் கசிந்து, குழந்தையின் முகத்துக்குமேலேயே கறை வந்துவிட்டது. அந்தப் படத்துக்கு நெகட்டிவ் இல்லை. அதற்குப் பிறகு மாற்ற முடியாத படத்தை ஆல்பத்தில் வைப்பதே இல்லை; பிரதி எடுத்துத்தான் வைக்கிறேன். நீங்களும் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

தப்பான இடத்தில் டேப் ஒட்டிவிட்டது, எடுக்கலாமா?

இழுக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துப் பசையை இளக்கி, பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். போட்டோவின்மேல் ஒட்டியிருந்தால் சூடு காட்டவேண்டாம், நூல் மட்டும். மிச்சப் பிசுக்கைப் பசை எடுக்கும் ரப்பரால் உருட்டி எடுக்கலாம். முதலில் அதே தாளின் வெட்டுத்துண்டு ஒன்றில் செய்து பார்த்துவிட்டு ஆல்பத்தில் கை வையுங்கள்.