புளியமரத்தடி ஜீப் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் என் தாத்தா 1969ஆம் ஆண்டு ஓர் எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கிய ஜீப் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு 1961, சேலம் என்று உள்ளது. முன் கிரில்லில் ஏழு துளைகள். பானெட் வழக்கத்தைவிட உயரம். பிற்பாடு என் பெரியப்பா அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டிராக்டரின் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். கழற்றிய இன்ஜின் மாட்டுக்கொட்டகையில் கோணிப்பை போர்த்திக் கிடக்கிறது. வண்டி இருபது ஆண்டுகளாகப் புளியமரத்தடியில் நிற்கிறது. அதனை அசல் நிலைக்குக் கொண்டுவர ஆசை. பட்டறைக்காரர் ஒருவர், ‘முழுவதும் கழற்றி மணல் அடித்து, மிலிட்டரி பச்சை பூசிவிடலாம், டீசல் இன்ஜினே இருக்கட்டும், மைலேஜ் கிடைக்கும்’ என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: வண்டியை இப்போதைக்கு அந்தப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். அவர் சொல்லும் வேலைகளில் பாதியை ஒருமுறை செய்துவிட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

அடையாளங்களைப் பார்த்தால் உங்களுடையது சி.ஜே.3பி மாதிரி. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த இந்த மாதிரி அங்கே 1968இல் நின்றுபோனது. இங்கே மகிந்திரா நிறுவனம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தயாரித்தது. பானெட் உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பின் இன்ஜினில், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஆகிய இருவகை வால்வுகளும் சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. இந்த மாதிரியில் எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பிளாக்கிலேயே விட்டுவிட்டு இன்டேக் வால்வுகளை மேலே ஹெட்டில் வைத்தார்கள். இன்ஜின் உயர்ந்தது, அதனை மூடுவதற்குப் பானெட்டும் உயர்ந்தது. ஆகவே மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் அந்த இரும்புதான் உங்கள் ஜீப்புக்கு அந்த முகத்தைக் கொடுத்தது. அதை விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் அசலாக்குவதில் பொருளில்லை.

அடுத்து நிறம். ஆய்வு செய்யாமல் எஸ்டேட் ஜீப்புக்கு மிலிட்டரி பச்சை பூசுவது, பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போலீஸ் உடுப்பு மாட்டுவது போன்றது. அசல் நிறத்தை வண்டியே சொல்லும். டேஷ்போர்டின் அடிப்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் அமரும் குழி, விவரத் தகட்டின் பின்புறம் போன்ற வெயிலும் பட்டறைக்காரரும் எட்டாத இடங்களில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் நைசான வாட்டர் பேப்பரை நனைத்து மெல்ல வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக, மரத்தை அறுத்தால் தெரியும் வயது வளையங்களைப் போல வெளிவரும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றிச் செம்மண் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ பிரைமர், அதற்கு அடுத்து வரும் நிறம்தான் வண்டி வெளிவந்த நாளின் நிறம். அது பச்சையாகவே இருந்தால் பட்டறைக்காரர் சொன்னதைத் தாராளமாகச் செய்யுங்கள். வளையத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்த பிறகே மேற்கொண்டு எதையும் தொட வேண்டும்.

மணல் அடிப்பது குறித்து என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் ஜீப்பின் பானெட்டை ஒரு பட்டறையில் கொடுத்து அடிக்கச் செய்தேன். துரு போயிற்று, தகடு மட்டும் பொரித்த அப்பளம்போல் அலை அலையாகத் திரும்பி வந்தது. வேகமாக மோதும் மணல் மெல்லிய தகட்டின் மேற்பரப்பை நீட்டிவிடுகிறது. நீண்ட தகட்டுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அது புடைக்கிறது. அதன்மேல் பட்டி பூசிச் சமன்செய்து தந்தார்கள். இரண்டு கோடையில் பட்டி வெடித்தது. சேசிஸ், ஆக்சில், சக்கர டிஸ்க் போன்ற கனத்த இரும்புக்கு மணல் பொருந்தும். பாடித் தகட்டுக்குப் பெயின்ட் ரிமூவரும் கம்பி பிரஷும் பொறுமையும் போதும். அப்போதும் சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மணலோ கிரைண்டரோ படக்கூடாது. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இன்றைக்கே ஒரு படி எடுத்து வையுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அது தேவைப்படும்.

கழற்றும் வேலையை நீங்களே உடனிருந்து செய்வது நல்லது. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் எல்லோர் வீட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். ஒவ்வொரு பகுதியின் போல்ட், நட்டு, வாஷரை ஒவ்வொரு பையில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று சீட்டெழுதி உள்ளே வையுங்கள். துருப்பிடித்தது, உடைந்தது என்று எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புதிதாக லேத்தில் கடைவதற்கு அந்த உடைசலே அளவு. சக்கர நட்டுகளில் கவனம் தேவை. இவ்வகைப் பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்குத் தலைகீழ் மரை உண்டு. தெரியாமல் வழக்கமான திசையில் மிதித்தால் நட்டு மேலும் இறுகி, அது ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டே முறியும். ஸ்டட்டின் முனையில் ஆங்கில ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

கொட்டகையில் இருக்கும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். பிளக் துளைகள் வழியே டீசலையும் இன்ஜின் ஆயிலையும் சம அளவில் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகு ஹேண்டிலால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். சுற்றத் தொடங்கியதும் ஹெட்டைத் திறந்து சிலிண்டரை அளக்க வேண்டும். அதன் அசல் விட்டம் மூன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம் குறைவு, அதாவது 79.4 மில்லிமீட்டர். தேய்மானம் அதிகமென்றால் ரீபோர் செய்யலாம், அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடையலாம். அதற்கும் இடமில்லாவிட்டால் உள்ளே ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாயை இறக்கி அசல் அளவுக்கே கொண்டுவரலாம். உண்மையான பயம் தண்ணீர் ஓடும் அறைகளில்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்தது. இன்ஜினுக்கு எதிரி அதுவன்று, அதே நீரில் கரைந்திருக்கும் சுண்ண உப்பு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாயிலும் பிளாக்கின் உட்சுவரிலும் பாறையாக அடைத்துக்கொள்கிறது. தோட்டத்துப் பம்புசெட் நீரை ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் பிளாக்கின் தண்ணீர் அறை மூடிகளைக் கழற்றி அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இனிமேல் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீருடன் கூலன்ட் கலந்து மட்டும் ஊற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக்கால ரப்பரை இளக்கிவிடும் என்பதால், பெட்ரோல் ஹோஸையும் பம்பின் டயஃப்ரத்தையும் புதியவையாக, எத்தனாலுக்குத் தாங்கும் வகையாகப் போட வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் அசலை விட்டுக்கொடுக்கலாம்.

கடைசியாகக் காகிதம், உண்மையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. டீசல் இன்ஜினுக்கு மாறியது ஆர்.சி.யில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பவும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பதிவாகாமல் இருந்தால், கொட்டகை இன்ஜினின் எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒத்துப்போகும். உங்களுக்கு அது நல்லதே. பதிவு நடந்த காலத்தில் காவேரிப்பட்டினம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரியும், 2004இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஆகவே பழைய பதிவேட்டைத் தேடி மூன்று ஊர்ப் படியேற நேரலாம். தாத்தா காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றுடன் படிவம் 31 கொடுத்து உரிமையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஜீப்பில் 6 வோல்ட் பேட்டரி. ஹெட்லைட் அகல் விளக்காக எரிகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் அசல் தன்மை போய்விடுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: போய்விடும், மாற்றவும் தேவையில்லை. அதே வாட் பல்பை எரிக்க 6 வோல்ட் வண்டிக்கு இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஆகவே 12 வோல்ட் வண்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு துருவும் மெல்லிய ஒயரும் இங்கே பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். பிற்காலத்தில் யாரோ கடையில் கிடைத்த மெல்லிய ஒயரைப் போட்டிருப்பார்கள், அல்லது எர்த் கேபிள் பெயின்ட்டின் மீதே முடுக்கப்பட்டிருக்கும். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும், இன்ஜினிலிருந்து சேசிஸுக்கும், ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து பாடிக்கும் செல்லும் எர்த் இணைப்புகளைக் கழற்றி, அடியில் இரும்பு வெள்ளி நிறத்தில் பளிச்சிடும்வரை எமரித் தாளால் தேய்த்து, கனத்த கேபிள் போட்டு முடுக்குங்கள். பேட்டரி எலக்ட்ரீஷியன்கள் பலர் 12 வோல்ட் கேபிளையே கையில் வைத்திருப்பார்கள். அதைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வெளிச்சம் வராவிட்டால் ஹெட்லைட்டின் உட்பூச்சு மங்கியிருக்கும்.

கேள்வி: தளி பக்கத்தில் ஒருவர், ‘இரண்டாம் உலகப்போர் வில்லிஸ், 1943’ என்று விவரத் தகட்டைக் காட்டிப் பெரும் விலை சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: தகட்டை நம்பாதீர்கள். நான்கு ஸ்குரூவில் நிற்கும் தகடு எந்த வண்டியிலும் நிற்கும். அச்சு அசலாகப் புதிதாகவும் விற்கிறார்கள். வண்டியின் முன்னால் குனிந்து பாருங்கள். போர்க்கால ஜீப்பின் தகட்டுக் கிரில்லில் ஒன்பது துளைகள் இருக்கும். ஏழு துளை இருந்தால் அது போருக்குப் பின் வந்த மாதிரி. போர்க்கால ஜீப்பில் ஹெட்லைட்டுகள் சிறியனவாகக் கிரில்லுக்கு உள்ளே அடங்கியிருக்கும். திருகைத் தளர்த்தினால் அவை அப்படியே பின்பக்கமாகத் திரும்பி, இரவில் இன்ஜினைப் பழுதுபார்க்க வெளிச்சம் தரும். பின்புறம் திறக்கும் கதவு கிடையாது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் மாற்றிய தழும்பு எங்கோ இருக்கும்.

ஒன்பது துளை இருந்தாலும் அது வில்லிஸ்தான் என்று சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் வில்லிஸ் சுமார் 3,60,000 ஜீப்புகளைத் தயாரித்தபோது, அதே வரைபடத்தில் ஃபோர்டு நிறுவனம் சுமார் 2,80,000 ஜீப்புகளைத் தயாரித்தது. ரேடியேட்டருக்குக் கீழே இரு சேசிஸ் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தகரத் தொட்டிபோல் சதுர வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் போல்ட்டின் தலையில்கூடத் தங்கள் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்திருப்பார்கள். ஃபோர்டாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விற்பவர் வேறு பெயர் சொன்னால் மற்ற விவரங்களிலும் சந்தேகம் வர வேண்டும். இங்குள்ள பல ஜீப்புகள் மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியவை. கலப்பு வண்டியாக இருந்தால் ஓட்டிப் பார்க்க வாங்கலாம், போர்க்கால விலைக்கு வாங்கக்கூடாது.

கேள்வி: மீட்டெடுத்த ஜீப்பை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்து, ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓட்டலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: முடியாது. மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கே விண்டேஜ் பதிவு உண்டு. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். பென்னாகரம் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவதற்குக்கூட அதில் இடமில்லை. அன்றாடம் ஓட்டத்தான் வேண்டும் என்றால் விண்டேஜ் பதிவுக்குப் போகாமல், தகுதிச் சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கமான ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.