போர்க்காலப் படங்களில் சாப்பாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் உணவைப் பற்றி எடுத்த பிரசாரப் படங்கள் குறித்து வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஐயா, ஊரே போரில் இருக்கும்போது சமையலறையைப் படம் பிடிப்பானேன்?

பதில்: படைக்குப் போகிற சாப்பாடு வீட்டுப் பங்கில்தானே குறைகிறது! பிரிட்டனில் 1940 ஜனவரியிலேயே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்துவிட்டது. மக்கள் அதை மனமொப்பி ஏற்க வேண்டும். அதனால் உணவு அமைச்சகம் கால் நிமிட அளவிலான படங்களை எடுத்துத் தியேட்டர்களில் ஓட்டியது.

கேள்வி: சமையல் கொழுப்பில் வெடிமருந்து செய்யலாம் என்று ஒரு கார்ட்டூன் சொல்கிறதாமே?

பதில்: சொல்வது உண்மைதான். 1942இல் டிஸ்னி எடுத்த படம் அது. மிக்கி மவுஸின் தோழி மின்னி, வாணலியில் மிஞ்சிய கொழுப்பை நாய் புளூட்டோவின் தட்டில் ஊற்றப் போவாள். வானொலிக் குரல் தடுக்கும். கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருள் என்று வேதியியலை விளக்கும். கடைசியில் புளூட்டோவே கொழுப்பு டப்பாவை, அதைச் சேகரிக்கும் கசாப்புக் கடைக்குக் கொண்டுபோகும். பிரசாரம்தான் என்றாலும், பார்ப்பவரின் அறிவை மதித்து எடுத்த படம். எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: கேரட் தின்றுதான் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இரவில் கண் தெரிந்ததா?

பதில்: இல்லை, எதிரி விமானத்தை ரேடியோ அலையால் கண்டுபிடிக்கும் ரேடார் கருவிதான் காரணம். வைட்டமின் ஏ குறைந்தவருக்கு மட்டுமே கேரட்டால் இரவுப் பார்வை தேறும்.

கேள்வி: படத்தில் காட்டியதுபோல் சிப்பாய்களுக்குச் சத்தான சாப்பாடு கிடைத்ததா?

பதில்: முகாமில் கிடைத்தது. களத்தில் நிலைமை வேறு. அமெரிக்கப் படையின் 'கே ரேஷன்' என்ற களச் சாப்பாடு, வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று பெட்டிகள். மொத்தம் 3,000 கலோரிக்கும் குறைவு. சில நாள் சமாளிக்கத்தான் அதை உருவாக்கினார்கள். 1944இல் பர்மாக் காட்டில் அமெரிக்கத் தளபதி மெரில் தலைமையில் போன படையினரோ அதை வைத்தே மாதக்கணக்கில் மலையேறினார்கள். உடல் வற்றி, நோயில் விழுந்தார்கள். பெட்டியில் வைட்டமின் சி சேர்த்த எலுமிச்சைப் பொடி இருந்தது. புளிப்புத் தாங்காமல் பலர் அதைத் தூக்கி எறிந்தார்கள். தாளில் எழுதிய சத்து வயிற்றுக்குள் போகவே இல்லை. உணவுதான் போரை வெல்லும் என்று திரையில் முழங்கிய அரசு, அந்த மனிதர்களை அரைப்பட்டினியில் நடக்கவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் அந்தப் படைப்பிரிவின் வரலாற்றையும் கையோடு படியுங்கள்.