பொருளாதார வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

ஐயாவுக்கு வணக்கம்.

"கணக்கில் இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு, பொருளாதார வரலாறு படிக்கிறேன் என்கிறாளே, அதைப் படித்து என்ன செய்வாள்?" என்று கேட்டிருந்தீர்கள். இவரைப் போல ஆக வேண்டும் என்று மகள் சொல்வதாக ஒரு பொருளாதார வரலாற்றாசிரியரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள்: தர்மா குமார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தர்மா குமார் (1928–2001) கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர். ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்துவிட்டு அப்புறம்தான் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போனார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நம் மண்ணின் கேள்வி. சென்னை மாகாணத்தில் நிலமில்லாத விவசாயக் கூலிகள் எப்போது உருவானார்கள்? பிரிட்டிஷ் ஆட்சியில்தான் சிறு விவசாயிகள் நிலத்தை இழந்து கூலிகளானார்கள் என்பது அன்று செல்வாக்கோடு இருந்த கருத்து. அவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் வருவாய்த்துறை ஆவணங்களையும் அடிமைமுறை பற்றிய அறிக்கைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இங்கே நிலத்தில் உரிமையில்லாத உழைப்பாளிகள் பெருந்தொகையாக இருந்தார்கள், அவர்களை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது சாதி என்று காட்டினார். 1965-இல் 'லேண்ட் அண்ட் காஸ்ட் இன் சவுத் இந்தியா' என்று அது நூலாக வந்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கணக்குப் போட்ட முறையையே கேள்வி கேட்டவர்கள் உண்டு. ஆனால் மறுக்க வந்தவர்களும் அவருடைய எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, அவர் எழுதிய நூல்கள் ஏராளம் இல்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்தினார், இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்றுக்கான முக்கியமான ஆய்விதழ் ஒன்றைப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து வளர்த்தார், 1983-இல் வந்த கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் 2-ஆம் தொகுதியைப் பதிப்பித்தார். மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை வெளியே தெரியாது. ஒரு துறை அதில்தான் உருவாகிறது.

சரி, உங்கள் மகள் விஷயம். கணக்கு மார்க் வீணாகாது, இந்தத் துறைக்கு அதுதான் கையிருப்பு. வரலாற்றுத் துறை வழியாகவும் இங்கே வரலாம், பொருளாதாரத் துறை வழியாகவும் வரலாம். நான் சொல்வது இரண்டாவது. இளங்கலையில் பொருளாதாரம், கூடவே புள்ளியியல். வரலாற்றைப் பிறகு வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளியியலை இருபத்தைந்து வயதில் முதலிலிருந்து கற்பது பெரும்பாடு. அதோடு, பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தால் ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவுக்கும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம். தர்மா குமாரின் வங்கி வேலையை முதலில் சொன்னது இதற்காகத்தான்.

காலக் கணக்கை மறைக்கக் கூடாது. இளங்கலை 3, முதுகலை 2, முனைவர் பட்டம் பெரும்பாலும் 5 ஆண்டுகளாவது. பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. அதுவரை வந்துவிட்டால் படிப்புச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆனால் பட்டம் வாங்கியதும் நிரந்தரப் பேராசிரியர் வேலை காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓரிரு ஆண்டுகள் தற்காலிக வேலையில் ஓடலாம்.

வெளிநாடு போனால்தான் உண்டு என்பதும் இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராக இருக்கும் தீர்த்தங்கர் ராய் ஆய்வு செய்தது திருவனந்தபுரத்தில், வளர்ச்சி ஆய்வு மையத்தில். சென்னை அடையாறிலேயே எம்.ஐ.டி.எஸ். என்ற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண வருவாய்த்துறைக் கோப்புகள் கிடக்கின்றன. மிராசு, பண்ணையாள், கிஸ்தி என்ற சொற்களை அகராதி பார்க்காமல் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. அவளுடைய தமிழை யாரும் குறைத்து மதிப்பிட விடாதீர்கள்.

உங்களுக்கு இன்னும் தயக்கம் இருக்கும். ஒன்று செய்யுங்கள். வீட்டில் தாத்தா காலத்து நிலப் பத்திரமோ பழைய கணக்கு நோட்டோ இருந்தால் அவள் கையில் கொடுங்கள். யார் விற்றது, என்ன விலை, ஏன் அந்த வருஷம் என்று அவளே துருவட்டும். இரண்டு நாளில் மூடி வைத்துவிட்டாலும் நஷ்டமில்லை. ஒரு வாரம் கழித்தும் பாட்டியிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று பேசுவோம்.