காரைக்குடியில் கோடை முழுக்க வெயிலில் நின்ற கார்; ஐப்பசி மழையில் வைப்பர் கரகரக்கிறது, கோடு விடுகிறது. மோட்டாரை மாற்றணுமா?

வேண்டாம். வைப்பர் கை (பிளேடைத் தாங்கும் கம்பி) ஓடுகிறது என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. 12 வோல்ட் மோட்டாரின் வேகத்தை உள்ளிருக்கும் புழுப்பல்சக்கரம் (திருகு சுழற்றும் பல்சக்கரம்) குறைக்கும். கிராங்கும் (மோட்டாரோடு சுழலும் சிறு தண்டு) அதை வைப்பர் கையோடு இணைக்கும் லிங்க் கம்பிகளும் அந்தச் சுழற்சியை இடவல ஆட்டமாக மாற்றும்.

கோளாறு பெரும்பாலும் பிளேடு ரப்பரில்தான். நம்மூர் வெயிலில் ரப்பர் இறுகி ஒரு பக்கமாக வளைந்துவிடும். திரும்பும்போது மடங்காமல் கண்ணாடியில் தத்தும், அதுதான் அந்தச் சத்தம். செம்மண் தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் இல்லாமல் வைப்பர் போட்டால் ரப்பர் விளிம்பு தேய்வதோடு கண்ணாடியிலும் கீறல் விழும். (டீக்கடை வாசலில் தூசி தட்ட வைப்பர் போடுகிறவர்கள் கவனிக்க.)

முதலில் கண்ணாடியை ஷாம்பு போட்டுக் கழுவி, ரப்பரை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கோடு நிற்கவில்லையா, பிளேடை மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கமும் அடுத்த பக்கமும் பல கார்களில் வேறு நீளம்; அளந்து வாங்குங்கள். கழற்றும்போது கண்ணாடிமேல் துணி விரியுங்கள், பிளேடு இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். புது பிளேடும் தத்தினால் கை முறுகியிருக்கிறதா பாருங்கள்.

மோட்டார் சத்தம் கேட்டும் கை அசையாவிட்டால் கையின் அடி நட்டு தளர்ந்திருக்கும், அல்லது லிங்க் கழன்றிருக்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ்.