இரண்டு குழந்தைகளுடன் தனியாக டொராண்டோவுக்கு: ஒரு அம்மாவின் கேள்விக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கேள்வி: என் கணவர் ஆறு மாதமாக டொராண்டோவில் வேலை பார்க்கிறார். ஜூன் மாதம் திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்களும் அங்கே போகிறோம். மூன்று வயது மகனையும் பதினொரு மாத மகளையும் நான் தனியாகத்தான் அழைத்துப் போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும். பாப்பா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். கிளம்புவதற்குள் பாலை மறக்கடித்துவிடு, மொட்டை போட்டுக் காதும் குத்திவிடு என்கிறார்கள் வீட்டில். விமானத்தில் தூங்க வைக்க ஏதோ சிரப் இருக்கிறதாமே, கொடுக்கலாமா?

பதில்: சிரப் வேண்டாம். சளிக்குக் கொடுக்கும் மருந்தில் தூக்கம் வருமே என்றுதான் பலரும் இதைக் கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது மூச்சை மந்தமாக்கலாம். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் இன்னும் பரபரப்பாகி, மணிக்கணக்கில் அழுவார்கள். குளோர்ஃபெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவே போட்டது. உங்கள் குழந்தைகள் இரண்டு பேரும் அந்த வயதுக்குக் கீழே.

பால் மறக்கடிப்பதும் இப்போது வேண்டவே வேண்டாம். பாப்பாவின் வீடு, தொட்டில், பாட்டி, தெரு எல்லாமே ஒரே நாளில் மாறப் போகிறது. அவளுக்கு மாறாமல் இருக்கப் போவது நீங்களும் உங்கள் பாலும்தான். விமானத்தில் அதுவே சாப்பாடு, தூக்க மருந்து, காது வலிக்கு வைத்தியம் மூன்றும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, போய் ஒரு மாதம் வரை, குழந்தைகள் வாழ்க்கையில் புதிதாக எதையும் நுழைக்காதீர்கள். மகனுக்கு டயப்பரை நிறுத்துவது, தனிப் படுக்கையில் பழக்குவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குலதெய்வம் கோயில் மொட்டையால் உடம்புக்குத் தொந்தரவில்லை. காது குத்தல் அப்படியல்ல. குத்திய புண் முழுதாக ஆற ஆறு வாரம் வரை ஆகும். அவ்வளவு நாள் கையில் இருந்தால் உடனே குத்திவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது குத்தலாம். சீழ் வைத்த காதோடு விமானம் ஏறுவது கொடுமை.

உங்கள் மகளுக்குப் பயணத்தின்போது இரண்டு வயது ஆகாததால் தனி இருக்கை கட்டாயமில்லை. மடியில் வைத்துக்கொண்டால் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்து சதவீதம்தான் வாங்குவார்கள். ஆனால் தனியாகப் போகும் உங்களுக்கு, பணம் இருந்தால், அவளுக்கும் ஒரு இருக்கை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். பேசினெட் என்ற தொங்கு தொட்டிலை நம்பி இருக்காதீர்கள். பல நிறுவனங்களில் எடை வரம்பு பத்து, பதினொரு கிலோவோடு நின்றுவிடும். பதினொரு மாதக் குழந்தை அதில் எழுந்து நிற்கப் பார்ப்பாள். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையையும் எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள். தொட்டில் மாட்டும் முன்வரிசையில் வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. இருக்கைக்கு நடுவே உள்ள கைப்பிடியைத் தூக்க முடியாது, அதனால் மகன் உங்கள் மேல் சாய்ந்து நீட்டிப் படுக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். ஒரு டயப்பர், ஈரத்துணி, மாற்றுத் துணி, ஒரு பொம்மை மட்டும் ஒரு சின்னப் பையில் தனியாக இருக்கட்டும்.

காது வலி பெரும்பாலும் விமானம் மேலேறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வரும். உள்ளே காற்றழுத்தம் கூடும்போது, மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் அழுத்தம் சமமாகும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். விழுங்கும்போது அது திறக்கும். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பாலை மிச்சம் வையுங்கள். மகனுக்கு ஸ்ட்ராவில் தண்ணீர் கொடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சலைன் சொட்டு மருந்து விடலாம். அயர்ந்து தூங்கும் குழந்தையைக் காதுக்காக எழுப்ப வேண்டியதில்லை. கிளம்பும் வாரத்தில் யாருக்காவது காது வலியோ காய்ச்சலோ வந்தால், டிக்கெட் இருக்கிறதே என்று யோசிக்காமல் மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

மருந்துப் பையில் பாராசிட்டமால் இருக்கட்டும். ஆனால் அளவு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளி. 9 கிலோ குழந்தைக்கு அது 135 மில்லிகிராம். டிராப்ஸ் என்றால் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு விதமாக வருகிறது. நடு இரவில், அரைத் தூக்கத்தில் பாட்டிலை மாற்றி எடுத்தால் அளவு பல மடங்கு ஆகிவிடும். ஒரே வகை பாட்டில் மட்டும் எடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டிலும் இதே கவனம் வேண்டும். 200 மில்லி தண்ணீருக்கும் ஒரு லிட்டருக்கும் தனித்தனிப் பாக்கெட்டுகள் உண்டு.

விமானக் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியில் குழந்தையின் பால், உணவு, வெந்நீருக்கு விலக்கு உண்டு. சோதனையில் வெளியே எடுத்துக் காட்டினால் போதும். நெய் தடவிய இட்லி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, சத்துமாவு போதும். தயிர்சாதம் இத்தனை மணி நேரம் தாங்காது. முழு முந்திரி, பொட்டுக்கடலை, நறுக்காத திராட்சை, இவை இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். உணவு மீதி இருந்தால் கனடாவில் இறங்கியதும் சுங்க அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும். திருச்சியிலிருந்து ஆறு மணி நேரம் காரில் வந்து நேராக விமானம் ஏறாதீர்கள். முதல் நாளே சென்னைக்கு வந்து யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் இரண்டு கையும் மகனுக்குக் கிடைக்கும். தனியாகக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு உதவி ஆள் உண்டா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். தள்ளுவண்டியை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே தருவார்களா, டொராண்டோவில்தான் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போவதால், கணவரிடமிருந்து கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கனடா எல்லையில் கேட்கலாம்.

கணவரிடம் மூன்று வேலைகளைச் சொல்லுங்கள். முதலாவது, இரண்டு கார் சீட். இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை உள்ள சீட்டைத்தான் அங்கே பயன்படுத்தலாம். இரண்டாவது, நீங்கள் வந்த அன்று எடுக்கும் விடுமுறையைவிட, அடுத்த ஒரு வாரம் எடுக்கும் விடுமுறை முக்கியம். டொராண்டோவில் இரவு பன்னிரண்டு மணி என்றால் ஜூனில் இங்கே காலை ஒன்பதரை. குழந்தைகள் அப்போது விளையாடவும் சாப்பிடவும் எழுவார்கள். அது அடமல்ல, வயிறு உண்மையிலேயே பசிக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது கொடுத்து, பேச்சைக் குறைத்து, மறுபடி படுக்க வையுங்கள். பகலில் வெளியே வெயிலில் கூட்டிப் போங்கள். பகல் தூக்கம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எழுப்பிவிடுங்கள். பத்து நாள் வரை இழுக்கும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. அவர் கிளம்பும்போது பாப்பாவுக்கு ஐந்து மாதம். வீடியோவில் பார்த்துச் சிரிக்கும் அதே முகம் நேரில் தூக்க வந்தால் அவள் வீறிட்டு அழலாம். வேற்று முகம் பார்த்துப் பயப்படும் வயது இது. விமான நிலையத்தில் அவளை வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் மகனைத் தூக்கட்டும், இரவில் அவனை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பாப்பா உங்கள் மடியில் இருந்தபடியே அவர் ஊட்டிவிடலாம், குளிப்பாட்டும்போது கூட இருக்கலாம். சில நாட்களில் தானாகவே கை நீட்டுவாள். நீங்கள் கிளம்பும்போது, துவைக்காத பழைய தொட்டில் சேலையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்துப் போங்கள். புது வீட்டில் முதல் இரவு பாப்பா அதில்தான் படுக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் கைப்பையிலேயே வையுங்கள், ஒரு நகல் போனில் இருக்கட்டும். 2025-இல் ஒன்டாரியோவில் தட்டம்மை பெரிய அளவில் பரவியது. ஒன்பது மாத தட்டம்மை ஊசி பாப்பாவுக்குப் போட்டாயிற்றா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை அங்கே கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அதனால் ஒரு வயது முடிந்ததும் மறுபடி போடச் சொல்வார்கள். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போதும் இதே அட்டையைத்தான் கேட்பார்கள்.