இசைக் கச்சேரியும் பழங்காலச் சின்னங்களும் சேர்ந்த சிறிய கப்பல் பயணம்: கர்நாடக சங்கீத ரசிகர்கள் அவ்வளவு செலவு செய்து போகலாமா?

கிரேக்கக் கடலில் சிறிய கப்பல். பகலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இடங்கள், மாலையில் கப்பலுக்குள்ளேயே மேற்கத்திய செவ்வியல் இசை. கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்டுப் பழகிய அறுபது வயதுத் தம்பதிக்கு இது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன், என் அக்கா மாட்டுங்காவில். இரண்டு வருடத்துக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் இருவரும் இப்படி ஒரு பயணம் போய்வந்தோம். எட்டு இரவுகள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, நாஃப்பிளியோ, துருக்கியில் குசாதாசி, திரும்பி வந்து கொரிந்த் கால்வாய், டெல்பிக்குப் பக்கத்தில் உள்ள இட்டேயா. விமானக் கட்டணம் சேர்க்காமலே ஆளுக்கு 7 லட்சத்துக்கு மேல் ஆனது. சின்னங்களைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இவ்வளவு கொடுக்க வேண்டாம். பஸ்ஸில் கூட்டிப்போகும் சாதாரண சுற்றுலாவில் இதே இடங்களைப் பாதிக்கும் குறைவான செலவில் பார்த்துவிடலாம். நான் போகச் சொல்வது ஒரே காரணத்துக்காக: மைக் இல்லாமல் இசை கேட்பதற்கு.

மும்பையில் நாம் கேட்கும் கச்சேரி எல்லாமே ஸ்பீக்கர் வழியாக வருவதுதான். ஷண்முகானந்தா அரங்கில் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள். அங்கே வேறு வழியும் கிடையாது. அக்கா பன்னிரண்டு வருடம் வீணை கற்றவர். பெரிய ஹாலில் வீணை வாசித்தால், தந்தியில் விரல் நகரும் அந்த மெல்லிய இழைவு போய்விட்டு வேறு ஏதோ ஒன்று நம் காதுக்கு வருகிறது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் சொன்னது எனக்குக் கப்பலில்தான் புரிந்தது.

எங்கள் கப்பலில் தொண்ணூறு பேர் இருந்தோம். கச்சேரி நடந்தது சாப்பாட்டு அறைக்கு மேலே இருந்த கூடத்தில். இரண்டு வயலின், வயலின் குடும்பத்திலேயே அதைவிடப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று என்று நான்கு பேர். இந்த நால்வர் இசையை ஹைடன், மொசார்ட் போன்ற இசையமைப்பாளர்கள் காலத்தில் பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கத்தான் எழுதினார்கள். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கு அவர்கள் மனதில் இருக்கவில்லை. அதனால் தாழ்வான கூரை போட்ட கப்பல் கூடம் அதற்குச் சரியான இடம்தான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால் வில்லில் தடவிய ரோசனப் பிசின் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கிறது. அவர்களுடைய மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசை நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களேதான், எனவே காதுக்கு முற்றிலும் அன்னியமாக இருக்காது. ஆனால் கமகம் எங்கே என்று தேடாதீர்கள். நான்கு வாத்தியங்களின் குரல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து மறுபடி சேர்வதைக் கவனியுங்கள். முதல் இரண்டு நாள் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன், அப்புறம் எல்லாம் தானாக விலகித் தெரிந்தது.

எபிடாரஸ் அரங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாஃப்பிளியோவில் இறங்கி பஸ்ஸில் போகிறோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவில் வெட்டிய கல் அரங்கம். முதலில் 34 வரிசை, பிறகு மேலே 21 சேர்த்து 55. ஏறத்தாழ 14,000 பேர் உட்காரலாம். நடுவில் நின்று ஒரு காசைக் கீழே போட்டால் கடைசி வரிசையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 2017இல் ஹாலந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தினர் கருவிகளோடு வந்து அளந்து பார்த்தார்கள். காசு விழும் சத்தம் அரங்கம் முழுக்க ஏதோ சத்தமாக எட்டுகிறது, ஆனால் அது காசு என்று பாதித் தூரம் வரைதான் அடையாளம் தெரிகிறது, ரகசியக் குரல் முன்வரிசைகளோடு நின்றுவிடுகிறது, குரலை எடுத்துப் பேசினால் உச்சி வரிசையிலும் சொற்கள் புரிகின்றன என்பது அவர்கள் கண்டது. எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மைதான் பெரிதாகப் படுகிறது. கரண்ட் இல்லாத காலத்தில், பயின்ற ஒரு குரலை அத்தனை ஆயிரம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்! படிபடியாக அடுக்கிய சுண்ணாம்புக்கல் இருக்கைகளே கூட்டத்தின் முணுமுணுப்பு போன்ற தாழ்ந்த ஒலிகளை மட்டுப்படுத்தி, குரலின் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007இல் வந்த ஓர் ஆய்வு விளக்கியது. மரியா காலஸ் 1960இல் இங்கே பாடியிருக்கிறார். அக்கா மேலே 55ஆம் வரிசை வரை மெதுவாக ஏறி அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

விளம்பரத்தைப் படித்துவிட்டு இந்த அரங்கங்களிலேயே உங்களுக்காகக் கச்சேரி வைப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தொல்லியல் இடங்களில் வாசிக்க அரசு அனுமதி வேண்டும். உங்கள் பயணத்தில் எந்தக் கச்சேரி எந்த இடத்தில் என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு எல்லாமே கப்பலில்தான் நடந்தது.

டெலோஸ் தீவு எங்கள் பட்டியலில் இருந்தது. கிரேக்கர்களின் இசைத் தெய்வமான அப்பல்லோ பிறந்ததாக அவர்கள் நம்பிய இடம். அன்று வடக்கிலிருந்து பலமான காற்று, படகு கரைக்குப் போக முடியவில்லை. அக்கா காலையிலிருந்தே குளித்துத் தயாராக இருந்தார், முகம் வாடிவிட்டது. மத்தியானம் வாத்தியக்காரர்கள் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். உட்காரலாமா என்று சைகையில் கேட்டேன், தலையசைத்தார்கள். நான்கே நான்கு தாளச் சுற்று நீளமுள்ள ஒரு சின்னப் பகுதியைப் பத்துப் பன்னிரண்டு தடவை வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் முதல் வயலின் வாசித்த பெண் மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சு இழுப்பார், அந்தச் சத்தத்தில் நான்கு வில்லும் சேர்ந்து இறங்கும். தாளம் போடுபவர் யாரும் இல்லை, அந்த மூச்சுதான் கணக்கு. "கேட்டியாடி? மூச்சு கேக்கறது. எங்க டீச்சர் ஆத்துல இப்படித்தான் கேக்கும்" என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மறுபடியும் பணம் கொடுப்பேன்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். மெல்டெமி என்று ஒரு வடகாற்று அந்த மாதங்களில் மும்முரமாக அடிக்கும், சிறிய கப்பல் நன்றாகவே ஆடும், வெயிலும் கொளுத்தும். மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. அப்போதும் ஓர் இடம் தவறலாம், நாங்கள் பட்டது போல.

குசாதாசியில் இறங்கிப் பார்க்கும் எபேசஸ் பெரிய இடம், கூட்டமும் பெரிது. ஒரு காலத்தில் துறைமுக நகரம், ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம் கொற்கையின் கதைதான்.

கொரிந்த் கால்வாய்க்காகவே சிறிய கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். 1893இல் முடித்த கால்வாய். 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அடியில் 21 மீட்டர்தான் அகலம். இன்றைய பெரிய கப்பல்கள் நுழையவே முடியாது. இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர், மேல்தளத்தில் பேச்சே எழவில்லை. ரோமானியச் சக்கரவர்த்தி நீரோ இதைத் தோண்ட ஆரம்பித்ததும் (அந்த வேலை பாதியில் நின்றுபோனது), கிரேக்கத்துக்கு வந்து இசைப் போட்டிகளில் பாடியதும் ஒரே பயணத்தில்தான். மண்சரிவினால் அவ்வப்போது மூடுகிறார்கள், உங்கள் தேதியில் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்பி அருங்காட்சியகத்தில் அப்பல்லோவைப் பாடும் இரண்டு பாட்டுகள் பொறித்த கற்கள் இருக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கண்டெடுத்ததும் அதே 1893இல்தான். வரிகளுக்கு மேலே சின்னச் சின்னக் குறிகளாக ஸ்வரம் வெட்டியிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஏழு ராகங்களுக்குப் பாறையில் ஸ்வரம் வெட்டி வைத்திருப்பதை நான் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். டெல்பியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது அப்பா விரலால் தடவிக் காட்டிய அந்தப் பாறை நினைவுக்கு வந்தது.

இனி நடைமுறை. கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது), துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். துருக்கி போய்விட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்புவதால் ஷெங்கன் மல்டிபிள் என்ட்ரியாக, அதாவது ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக, இருந்தாக வேண்டும். எங்கள் ஏஜென்ட் சிங்கிள் என்ட்ரி என்று படிவத்தில் நிரப்பியிருந்தார், கையெழுத்துப் போடும் முன் அக்கா கண்ணில் பட்டதால் தப்பித்தோம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையில் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் சாப்பாடு பிரச்சினை இல்லை. கீரை அடை மாதிரி ஒன்று, பெரிய வெள்ளை மொச்சை, திராட்சை இலையில் பொதிந்த சாதம் என்று நன்றாகவே இருந்தது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள். உங்களில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் இருவருமே யோசியுங்கள், எல்லா இடத்திலும் மேடு, படி, வழுக்கும் பளிங்குக் கல். தடி ஒன்று அவசியம்.

7 லட்சம் அதிகம் என்று தோன்றினால் முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கேட்வே ஆஃப் இந்தியாவில் முதல் படகைப் பிடித்து எலிஃபண்டா தீவுக்குப் போய்வாருங்கள் (திங்கள் விடுமுறை). ஒரு மணி நேரக் கடல், ஆறாம் நூற்றாண்டுக் குகை. கூட்டம் வருவதற்கு முன்னால், அந்தப் பெரிய சதாசிவர் எதிரில் நின்று சும்மா கவனித்துப் பாருங்கள், ஒரு செருமல்கூடத் தூணுக்குத் தூண் எப்படிப் போகிறது என்று. திரும்பி வந்த மாதம் நானும் அக்காவும் அதைத்தான் செய்தோம்.

அதற்கு அடுத்த வாரம் அவர் பரணிலிருந்து வீணையை இறக்கித் தந்தி மாற்றினார். இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு சாயங்காலம் மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் வாசிக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறோம், பாயில்தான் உட்காருகிறோம். மே மாதமானாலும் சரி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் முதல் தந்தியை மீட்டுவார்.